உள்ளே விடும் இரண்டு அங்குலம்

கேள்வி: எனக்கு வயது 36. பண்ருட்டியில் ஒன்பது ஆண்டுகளாக வீட்டிலிருந்தே தைக்கிறேன். ஜாக்கெட், பட்டுப் பாவாடை, நைட்டி, சேலைக்கு ஃபால்ஸ் என எது வந்தாலும் மறுப்பதில்லை. லைனிங் ஜாக்கெட்டுக்குக் கூலி 280 ரூபாய், ஃபால்ஸ் வைக்க 90 ரூபாய். பழைய துணியைப் பிடித்துக் கொடுப்பதற்குக் காசு வாங்குவதில்லை, அதை வேலையாகவே நினைத்ததில்லை. சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு 34 பிள்ளைகளின் வேட உடைகளைத் துணியோடு சேர்த்துத் தலைக்கு 350 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். பதினொரு நாள் உழைத்து, செலவு போகக் கையில் நின்றது 1,900 ரூபாய். இப்போது ஒரு நாட்டிய ஆசிரியை, மகா சிவராத்திரிக்கு ஆடுவதற்காக நான்கு பெண்களுக்குப் பரதநாட்டிய உடை தைக்க முடியுமா என்று கேட்கிறார். அவர்களுடைய பட்டுச் சேலைகளை வெட்ட வேண்டும். பயமாக இருக்கிறது. "பத்து வேலையைத் தொடாதே, ஜாக்கெட் மட்டும் தை" என்கிறார் என் வீட்டுக்காரர். நாட்டிய உடையை ஏற்கலாமா? கடன் வாங்கி மோட்டார் இயந்திரமும், துணி விளிம்பு நூல் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் இயந்திரமும் வாங்கலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

நாட்டிய உடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றதோ நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வேறொரு வரியில். பழைய துணியைப் பிரித்துப் பிடித்துக் கொடுப்பதை வேலையாகவே நினைத்ததில்லை என்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளாக அடுத்தவர் தைத்ததைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்கள். எந்த இடத்தில் தையல் விடுகிறது, எந்த இடத்தில் துணி இழுத்துக் கிழிகிறது, எங்கே ஒரு அங்குலம் விட்டு வைத்திருந்தால் இந்த ஜாக்கெட் இன்னும் இரண்டு தீபாவளி தாங்கியிருக்கும் என்பது உங்கள் கைக்குத் தெரியும். நாட்டிய உடை தைக்க வேண்டிய முதல் அறிவு அதுதான். ஆசிரியை உங்களிடம் சும்மா வரவில்லை.

காரணம் சொல்கிறேன். பதினொரு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் பட்டுச் சேலை வாங்கி, அதை வெட்டி உடை தைக்கக் கொடுக்கிறார்கள். அந்த உடையை அவள் பதினைந்து வயது வரை போட வேண்டும் என்பது அம்மாக்களின் கணக்கு. அதற்குப் பிறகு தங்கையோ மாமன் மகளோ போடுவாள். ஆகவே இன்றைய அளவுக்குக் கச்சிதமாகத் தைப்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. நாளைக்கு நீங்களே பிரிக்கப்போகிற உடையை இன்றைக்குத் தைக்கிறீர்கள். பக்கத் தையலில் உள்ளே இரண்டு அங்குலம், பைஜாமா கால் மடிப்பில் மூன்று அங்குலம், இடுப்புப் பட்டியில் இரண்டு வரிசை கொக்கி. கைப்பகுதியை முதலில் இணைத்துவிட்டு, கை நுனியிலிருந்து இடுப்பு வரை பக்கத் தையலை ஒரே ஓட்டமாகக் கடைசியில் அடியுங்கள். அப்போதுதான் பிரிக்கும்போது ஒரே தையலைப் பிரித்தால் போதும். பட்டில் ஊசி போன துளை அப்படியே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பிரித்த தடம் மேலாக்குக்கு அடியிலோ கரைக்கு அடியிலோ மறைகிற மாதிரி இடம் பார்த்துத் தைக்க வேண்டும்.

ஏற்கலாம் என்பதே என் பதில். ஆனால் நான்கையும் சேர்த்து ஏற்காதீர்கள். ஒன்றை மட்டும் இப்போது வாங்கித் தையுங்கள். அதை அந்தப் பெண் போட்டு நிகழ்ச்சியில் முதலில் ஆடும் அலாரிப்பை முழுவதும் ஆடிக் காட்டிய பிறகு மற்ற மூன்று சேலைகளையும் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். நல்ல ஆசிரியை இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சேலையைத் தொடுவதற்கு முன் அந்த ஆசிரியையிடம் கிழிந்துபோன பழைய நாட்டிய உடை ஒன்றை இரவல் கேளுங்கள். எந்த நாட்டியப் பள்ளியிலும் ஒரு பீரோ நிறைய இருக்கும். அதைப் பிரியுங்கள். ரவிக்கை, மேலாக்கு, பைஜாமா, முன்னால் விரியும் விசிறி, பின்புறம் மறைக்கும் துண்டு என்று ஐந்தும் தனித்தனியாக உங்கள் பாயில் கிடக்கும்போது பாதிப் பயம் போய்விடும். பிறகு ஒரு பழைய வேட்டியை எடுத்து முழு உடையையும் அதில் வெட்டித் தைத்துப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் பட்டது உண்டு. சிதம்பரத்தில் தொழில் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுச் சேலை. கரை இரண்டு காலிலும் வெளிப்பக்கம் வர வேண்டும் என்பதிலேயே கவனமாக இருந்து, இரண்டு காலையும் இடக்காலாகவே வெட்டிவிட்டேன். அன்று இரவு சாப்பிடவில்லை. அதே நிறம் கிடைக்காமல், பக்கத்து நிறத்தில் ஒரு சேலையை என் காசில் வாங்கி, அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிக் கொடுத்தேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒரு காலை வெட்டியதும் அதைக் கவிழ்த்துப் போட்டுத்தான் அடுத்ததை வெட்டுகிறேன்.

அளவு எடுப்பதில் ஜாக்கெட் பழக்கம் உங்களைக் கொஞ்சம் ஏமாற்றும். நாம் நிற்க வைத்து அளவெடுத்தே பழகியவர்கள். நாட்டியக்காரி நிற்பதே இல்லை. அரைமண்டியில் உட்கார வைத்து, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லி, இடுப்பிலிருந்து மடங்கிய முழங்கால் வழியாகக் கணுக்கால் வரை டேப்பை ஓட்டுங்கள். நின்று எடுத்த அளவைவிட நிச்சயம் அதிகமாக இருக்கும். அந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுத் தைத்தால் முதல் ஜதியிலேயே கால் மேலேறி, சலங்கைக்கு மேல் ஒரு சாண் வெறுங்கால் தெரியும். மிக நீளமாக விட்டாலோ துணி சலங்கையில் மாட்டும். பைஜாமாவின் பின்பக்கத் தையல் விடுகிற இடம் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே இரட்டைத் தையல் அடித்து, முழுமண்டியில் உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

ரவிக்கையில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கையைத் தூக்கி ஆட வேண்டுமே என்று கைத்துணி இணையும் வளைவான கைச்சுற்றைத் தாழ்வாக இறக்கி வெட்டிவிடுவார்கள். கையைத் தூக்கினால் ரவிக்கை முழுவதுமே கூடத் தூக்கிக்கொண்டு போகும். கைச்சுற்று அக்குளை ஒட்டி மேலே நிற்க வேண்டும், கைத்துணிதான் தாராளமாக இருக்க வேண்டும். இரண்டு கையையும் தோள் உயரத்துக்கு நீட்டி நாட்டியாரம்பத்தில் நிற்கச் சொல்லி மார்பு அளவையும் முதுகு அளவையும் எடுங்கள். லைனிங் பருத்தியாக இருக்கட்டும், வியர்வையை வேறு எதுவும் குடிக்காது. அதை நனைத்துக் காயவைக்காமல் வெட்டக் கூடாது என்று ஒன்பது ஆண்டு தைத்த உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அவசரத்தில் அதைத்தான் முதலில் விடுகிறோம்.

விசிறிக்குத்தான் பொறுமை வேண்டும். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அகலமாக விழ வேண்டும், கரை அடியில் ஒரே கோடாக ஓட வேண்டும். மடிப்புகளைப் பின்பக்கம் நாடா வைத்துப் பிடித்துத் தைப்பார்கள், அந்த நாடாதான் விசிறி கலையாமல் விரிந்து மூடக் காரணம். ஆடி முடித்ததும் மடிப்பைச் சேர்த்து ஒரு துணிப்பட்டையால் கட்டி வைக்கச் சொல்லுங்கள். ஜரிகை மேல் நேரடியாகச் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது, மெல்லிய பருத்தித் துணியை விரித்து அதன் மேல்தான். பட்டுக்கு 11ஆம் எண் ஊசி. ஜாக்கெட்டுக்குப் போட்டிருக்கும் 16ஆம் எண் ஊசியோடு பட்டில் இறங்கினால் இழை இழுத்துவிடும். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டை (வெல்க்ரோ) வேண்டும் என்று கேட்பார்கள். நான் வைப்பதில்லை. கொக்கியும் நாடாவும் சேர்ந்தால் மேடையில் கைவிடாது. சிதம்பரத்தில் 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி என்ற நாட்டிய விழா நடக்கிறது. அந்த நாட்களில் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டி உடையை நீட்டுகிற பெற்றோரில் பாதிப் பேர் கொண்டுவருவது அந்த ஒட்டும் பட்டை பிய்ந்த உடையைத்தான்.

இந்த உடை ஏதோ ஆயிரம் ஆண்டு மரபு, அதில் நாம் கை வைப்பதா என்று தயங்க வேண்டாம். முன்பு ஆடியவர்கள் பைஜாமாவுக்கு மேல் சேலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டே ஆடினார்கள். விசிறி வைத்துத் தைத்த உடை 1930களில் ருக்மிணி தேவி அருண்டேல் மேடைக்கு வந்த பிறகு பரவியது. அதை வடிவமைக்க அவருக்கு உதவியவர்களில் மேடம் கசான் என்ற இத்தாலியத் தையல்கார அம்மையாரும் ஒருவர். வெளியூர்க்காரி ஒருத்தி கத்தரிக்கோலோடு நுழைந்த இடம்தான் இது. பண்ருட்டிக்காரி நுழைந்தால் என்ன?

கூலிக்கு வருவோம். உங்கள் பள்ளிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பதினொரு நாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று வைத்தால் 99 மணி நேரம். 1,900 ரூபாயை வகுத்தால் மணிக்கு 19 ரூபாய். நீங்கள் அலட்சியமாகச் செய்கிற ஃபால்ஸ் வேலை ஒரு மணி நேரத்துக்கு 90 ரூபாய் தருகிறது. லைனிங் ஜாக்கெட்டை வெட்டி, தைத்து, ஹெம்மிங் செய்து கொக்கி வைக்க மூன்று மணி நேரம் ஆகிறதென்றால் அதுவும் மணிக்கு 93. ஆக, உங்கள் கையின் விலை 90 ரூபாய் என்று நீங்களே ஊரில் நிறுவிவிட்டீர்கள். புதிய வேலை எது வந்தாலும் அந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். முதல் நாட்டிய உடைக்கு நாற்பது மணி நேரம்கூட ஆகலாம். அதில் பதினைந்து மணி நேரம் நீங்கள் கற்றுக்கொண்ட நேரம், அதை அந்த அம்மாவின் தலையில் கட்ட முடியாது. மீதி இருபத்தைந்து மணி நேரத்துக்கு 2,250 ரூபாய் கூலி. லைனிங், கான்வாஸ், நாடா, கொக்கி செலவு தனி. நகரத்துக் கடைகளில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்து அதற்குக் கீழே சொல்லலாம் என்று தோன்றும். வேண்டாம். அவர்கள் வாடகை வேறு, கை வேறு.

கூடவே இதையும் சொல்லுங்கள்: நான்கு ஆண்டுகளுக்குள் இரண்டு முறை பிரித்துவிடுவது இந்தக் கூலியில் அடக்கம், மூன்றாவது முறையிலிருந்து காசு. உள்ளே விட்ட துணியைத் திருப்பிக் காட்டியே இதைச் சொல்ல வேண்டும். அம்மாக்கள் தங்கம் வாங்குவது போல அந்த இரண்டு அங்குலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நாளை முதல் ஜாக்கெட் பிடித்துக் கொடுப்பதற்கும் காசு வாங்குங்கள். நீங்களே தைத்தது என்றால் முதல் முறை இலவசம். வேறு இடத்தில் தைத்ததைக் கொண்டுவந்தால் 40 ரூபாயோ 50 ரூபாயோ கூசாமல் கேளுங்கள். ஒரு வாரம் முகம் சுளிப்பார்கள், பிறகு பையோடு வருவார்கள்.

சேலையை வாங்கும்போது கொடுப்பவர் முன்னாலேயே வெளிச்சத்தில் முழுக்க விரித்துப் பாருங்கள். சின்ன ஓட்டை, கறை, விட்ட ஜரிகை எது இருந்தாலும் நோட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கி, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். இது அவநம்பிக்கை இல்லையா என்று கேட்பீர்கள். உறவைக் காப்பாற்றுவதே அந்த நோட்டுதான்.

பள்ளி வேலையில் உங்களை நஷ்டப்படுத்தியது தையலா? நீங்கள் துணி வியாபாரம் செய்ததுதான் காரணம். துணியோடு சேர்த்து ஒரு விலை பேசினால், சாட்டின் மீட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் அது உங்கள் கூலியிலிருந்துதான் போகும். இனித் துணி அவர்களுடையது, கூலி உங்களுடையது, பாதிப் பணம் முன்பணம். 34 பிள்ளைகளையும் தனித்தனியாக அளக்கவும் வேண்டாம். வகுப்பில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. இடுப்பில் எலாஸ்டிக், முதுகில் நாடா. ஒரு மாலை மூன்று நிமிடம் போடுகிற கிளி வேடத்துக்கு உடம்போடு ஒட்ட டாட் மடிப்புப் பிடிக்கத் தேவையில்லை. பாரதியார் கோட்டு, ஔவையார் வெள்ளைச் சேலை, கட்டபொம்மன் அங்கி, ஜான்சி ராணி உடை இவை ஆண்டுதோறும் எல்லாப் பள்ளியிலும் வருபவை. வெட்டும்போது மிஞ்சும் துணியில் நான்கைந்து தைத்து நீங்களே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடுங்கள். சுதந்திர தினம், குழந்தைகள் தினம், குடியரசு தினம் மூன்றுக்கும் அவை வெளியே போய்வரும். நல்ல ஜாக்கெட் தைக்கிற கைக்குக் கிளி இறக்கை தைப்பது அவமானமாக இருக்கிறது என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. அந்த இறக்கையை மாட்டிய பிள்ளை வீட்டுக்குப் போகும் வரை கழற்ற மாட்டான்.

ஆனால் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். சாட்டினும் நெட்டும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மேடையில் குத்துவிளக்கு எரியும்போது நீளமாகத் தொங்கும் முந்தானை, இறக்கை எதையும் சின்னப் பிள்ளைகளுக்கு வைக்காதீர்கள். அடுத்தது, குண்டூசி. எண்ணி எடுங்கள், எண்ணித் திருப்பி வையுங்கள். தைக்கும்போது ஊசி உடைந்தால் திருப்பூர் கம்பெனிகளில் உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைக்கும் வரை புது ஊசி தர மாட்டார்கள், துண்டுகளை டேப் போட்டு நோட்டில் ஒட்டச் சொல்வார்கள். அந்தக் கண்டிப்பு நம் வீட்டுத் திண்ணைக்கும் வேண்டும். ஒரு காந்தத் துண்டு வாங்கி மேசை விளிம்பில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. பத்து வேலைகள் ஒரே வாரத்தில் வந்து நிற்கும்போது வீட்டில் சமையல் நடக்காது என்பதைப் பார்த்துத்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் ஜாக்கெட் மட்டும் என்றால் ஆடியில் என்ன செய்வீர்கள்? கல்யாணம் இல்லாத மாதம். எனக்கு ஆடியில் சோறு போடுவது அம்மன் கோயில் பாவாடைகள்தான். முக்கால் முழம் உயரச் சிலைக்கு ஜரிகைக் கரை வைத்து, பின்னால் நாடா கட்டிய பாவாடை. ஆவணியில் கிருஷ்ண ஜயந்தி, சின்னக் கண்ணன்களுக்கு மஞ்சள் பஞ்சகச்சம். நவராத்திரியில் பட்டுப் பாவாடை. ஐப்பசியில் தீபாவளி, அப்போது நான் யாரோடும் பேசுவதில்லை. மார்கழியில் மறுபடி கல்யாணம் நிற்கும், நாட்டியம் தொடங்கும். தை, மாசியில் ஜாக்கெட்டும் பள்ளி ஆண்டு விழாவும் முட்டி மோதும், ஜூனில் சீருடை. ஆகவே எதையும் கைவிடச் சொல்ல மாட்டேன், எப்போது எதற்கு இல்லை என்று சொல்வது என்பதை மட்டும் அவரோடு உட்கார்ந்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இருபது நாள் முன்னால் புது வேலை வாங்குவதில்லை என்று நான் வாசலில் எழுதியே மாட்டிவிடுவேன். முதலில் அதை அழிக்கச் சொன்னவர் என் வீட்டுக்காரர்தான். இப்போது ஆண்டுதோறும் அவரே எழுதி மாட்டுகிறார்.

இயந்திரம் பற்றி. ஓவர்லாக் இப்போது வேண்டாம். மாதத்தில் எத்தனை துணியை வெளியே கொடுத்து ஓவர்லாக் அடிக்கிறீர்கள், அதற்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று ஆறு மாதம் எழுதிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம். காலால் மிதிக்கும் இயந்திரத்தோடு ஒரு சிறிய மோட்டாரை இணைத்துக்கொண்டால் போதும், விசிறி மடிப்புக்கு வேகத்தைவிட நிதானம்தான் தேவை. கடன்தான் வேண்டும் என்றால் கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள். 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்காக மாநில அரசு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையலும் உண்டு. 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கடலூர் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். தையல் தொழிலாளர் நல வாரியத்தில் இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் கடனுக்கு முன் அதைச் செய்யுங்கள்.

முதல் சேலையை வாங்குகிற அன்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: சென்ற ஜூனில் தைத்த பள்ளிச் சீருடைப் பாவாடையை இதுவரை எத்தனை முறை பிரித்து இறக்கினீர்கள்? ஒரு முறை என்றால் உள்ளே இரண்டு அங்குலம் விடுங்கள். இரண்டு முறை என்றால் மூன்று.